கழற்றிய கிளிப்பை எங்கே வைத்தீர்கள்? காரின் சின்ன வேலைகள், சேமிக்க வேண்டிய உதிரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தக் காரில் சின்னச் சின்ன வேலைகளைத் தானே பார்த்துக்கொள்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இன்ஜினைப் பிரிப்பது பற்றியோ பிரேக் வேலை பற்றியோ இங்கே எதுவும் கிடையாது. கதவின் உள்பக்கப் பலகையைக் கழற்றுவது, பல்பு மாற்றுவது, பம்பரின் ஓரத்தை ஒட்ட வைப்பது, தொங்கும் பிளாஸ்டிக்கை மறுபடி மாட்டுவது போன்ற வேலைகள்தான். இவற்றில் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் வேலை அல்ல, காணாமல் போன ஒரு கிளிப்.

ஒரு கிளிப் குறைந்தால் அப்படி என்ன ஆகிவிடும்?

ஒன்று குறைந்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, அதனால்தான் விட்டுவிடுகிறோம். ஆனால் அது தாங்கிய பாரம் பக்கத்தில் இருக்கும் இரண்டு கிளிப்புகளின் மேல் விழுகிறது. வண்டி ஓடும்போது அந்த இடம் லேசாக அதிரும். அதிர அதிர அந்த இரண்டின் கழுத்தும் தேயும். கதவுப் பலகையாக இருந்தால் முதலில் ஒரு சலசலப்புக் கேட்கும். டயருக்கு மேலே வளைவாக இருக்கும் பிளாஸ்டிக் உறையாக இருந்தால் விஷயம் வேறு. வேகத்தில் காற்று அதன் முன் விளிம்புக்குள் புகுந்து தூக்கும், உறை டயரில் உரசும், ஒருநாள் டயர் அதை இழுத்துக் கிழித்துவிடும். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் தட்டும் அப்படித்தான், ஒரு மூலை தொங்கினால் மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். விரல் நுனி அளவுப் பிளாஸ்டிக்குக்கு இவ்வளவு பொறுப்பு இருக்கிறது.

என்னென்ன வகைகள் இருக்கின்றன? ஒவ்வொன்றையும் எப்படிக் கழற்றுவது?

பார்க்க எல்லாம் கறுப்புக் குமிழாகத்தான் இருக்கும். ஆனால் கழற்றும் விதம் வேறு வேறு. கிளிப்புகள் உடைவதில் பாதி, வகை தெரியாமல் நெம்புவதால்தான்.

பம்பரிலும் டயர் உறையிலும் அதிகம் இருப்பது இரண்டு துண்டுக் கிளிப். ஓட்டைக்குள் விரிந்து பிடிக்கும் ஓர் உடல், அதன் நடுவே ஓர் ஊசி. ஊசியின் தலைக்குக் கீழே சின்னப் பள்ளம் தெரிந்தால், அங்கே திருப்புளி முனையை விட்டு ஊசியை மட்டும் தூக்க வேண்டும். ஊசி மேலே வந்ததும் உடல் சுருங்கி, விரலாலேயே வெளியே வரும். ஊசியைத் தூக்காமல் உடலை நெம்பினால் கால் முறியும்.

நடுவே பள்ளம் இல்லாமல் ஒரு வட்டம் மட்டும் இருந்தால் அது அமுக்கும் வகை. ஊசியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒரே அமுக்காக அமுக்கினால் ஊசி மறுபக்கம் போய் விழுந்துவிடும். திரும்ப மாட்டும்போது ஊசியை அடியிலிருந்து தள்ளித் தலைக்கு மேலே நீட்டி வைத்துக்கொள்ளுங்கள். உடலை ஓட்டையில் வைத்தபின் தலையோடு சமமாக அமுக்கினால் பிடித்துக்கொள்ளும்.

ஊசியின் தலையில் கூட்டல் குறி வெட்டு இருந்தால் அது திருகும் வகை. அந்த மரை பிளாஸ்டிக் மரை என்பதால் மின்சாரத் திருப்புளி வேண்டாம். கையால் மெல்லத் திருகுங்கள். சும்மா சுற்றிக்கொண்டே இருந்து மேலே வரவில்லை என்றால், தலைக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றைக் கொடுத்து லேசாகத் தூக்கியபடி திருகினால் வரும்.

அப்புறம், தேவதாரு மரம் மாதிரி அடுக்கடுக்காகச் செதில்கள் வைத்த கிளிப். உள்ளே போக வழி விடும், வெளியே வரத் தகராறு பண்ணும். இழுத்து எடுக்கும்போது செதில்கள் மடிந்துவிடும். இதை ஒருமுறைச் சரக்கு என்று நினைத்துக்கொள்வதே நல்லது. நல்லபடியாக வந்தால் மாட்டிக்கொள்ளலாம், வராவிட்டால் வருத்தப்பட வேண்டாம்.

இவை தவிர இரும்புத் தகட்டை யு வடிவில் மடித்து ஒரு பக்கம் மரை போட்ட நட்டு உண்டு. பிளாஸ்டிக் விளிம்பில் செருகி நிற்கும். பழைய பாகங்களைத் தூக்கிப் போடும்போது நிறையப் பேர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். எங்கே கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

கதவுப் பலகையை உடையாமல் எடுப்பது எப்படி?

முதலில் ஸ்க்ரூ எல்லாம் கழன்றுவிட்டதா என்று பாருங்கள். கைப்பிடிக் குழிக்குள் ஒரு சின்ன மூடி இருக்கும், அதற்குள் ஒன்று. உள்பக்கக் கதவுத் திறப்பானுக்குப் பின்னால் இன்னொன்று. இவை இருக்கும்போதே பலகையை இழுத்தால் கிளிப் உடையாது, பலகையே உடையும்.

பிறகு கீழ் விளிம்பில் ஆரம்பியுங்கள். இரும்புத் திருப்புளி வேண்டாம், பிளாஸ்டிக் நெம்பு போதும். விளிம்பில் நெம்பை விட்டு மெதுவாக நகர்த்தினால் ஓர் இடத்தில் தட்டும், அங்கேதான் கிளிப். நெம்பின் கவட்டை கிளிப்பின் கழுத்தை இரண்டு பக்கமும் அணைக்கும்படி வைத்து, கதவுத் தகட்டை ஒட்டித் தூக்குங்கள். 'டக்' என்ற சத்தம் சுத்தமாகக் கேட்டால் கிளிப் முழுசாக வந்திருக்கிறது. 'நறுக்' என்று கேட்டால் நிறுத்திப் பாருங்கள்.

பலகை விலகியதும் எட்டிப் பாருங்கள். கிளிப்பின் கழுத்து பலகையின் பின்னால் சாவித்துவாரம் போன்ற ஓர் இருக்கையில் செருகியிருக்கும். சில கிளிப்புகள் பலகையோடு வராமல் கதவுத் தகட்டிலேயே நின்றுவிடும். அவற்றை அங்கே விட்டுவிட்டுப் பலகையை மேலே வைத்து அமுக்குவதுதான் பலரும் செய்யும் தவறு. தகட்டிலிருந்து எடுத்து, பலகையின் இருக்கையில் முதலில் செருகி, பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகத் தகட்டின் ஓட்டைகளுக்கு நேரே கொண்டுவர வேண்டும். கிளிப்பின் கழுத்தில் மெல்லிய பஞ்சு வளையமோ ரப்பர் வளையமோ இருந்தால் அதையும் விடாதீர்கள், கதவுக்குள் இறங்கும் மழைநீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான்.

குளிர்ந்த வேளையில் பழைய பிளாஸ்டிக் கண்ணாடிபோல் முறியும். முடி உலர்த்தும் கருவியால் அந்த இடத்தைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு எடுங்கள். வெளியே எடுத்த கிளிப்புகளை மறுபடி மாட்டுமுன் சில நிமிடங்கள் வெந்நீரில் போட்டு வைத்தாலும் வளைந்து கொடுக்கும்.

கழற்றும்போது ஸ்க்ரூக்கள் கலந்துவிடுகின்றன. என்ன செய்யலாம்?

ஒரு அட்டை போதும். அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, கழற்றும் பாகத்தின் வடிவத்தைப் பேனாவால் பெரிதாக வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. எந்த இடத்திலிருந்து எந்த ஸ்க்ரூ வந்ததோ அந்த இடத்திலேயே அட்டையைக் குத்தி நிறுத்துங்கள். திரும்ப மாட்டும்போது அட்டை காலியாகிக்கொண்டே வரும். கடைசியில் ஒன்று மிச்சம் நின்றால் எந்த இடம் விடுபட்டது என்று அட்டையே சொல்லிவிடும்.

இதை நான் வலியுறுத்த ஒரு காரணம் இருக்கிறது. ஒருமுறை டேஷ்போர்டின் கீழ்ப்பகுதியைக் கழற்றினேன். ஆறு ஸ்க்ரூ, எல்லாவற்றுக்கும் ஒரே தலை, ஒரே நிறம். ஒரே கிண்ணத்தில் போட்டேன். மாட்டியபின் இரண்டு வாரத்தில் உள் விளக்கும் கதவுப் பூட்டும் ஒன்றாகச் செத்தன. ஃபியூஸ் மாற்றினால் உடனே போனது. கடைசியில் பார்த்தால், ஆறில் ஒன்று மற்றதைவிட அரை விரற்கடை நீளம். அதை நான் குட்டை ஸ்க்ரூ போகவேண்டிய ஓட்டையில் போட்டிருக்கிறேன். அதன் முனை பின்னால் ஓடிய வயர்க்கட்டின் தோலைத் துளைத்து, உள்ளே செம்பு பளபளவென்று தெரிந்தது. அன்றிலிருந்து நான் எந்த வண்டியிலும் அட்டை இல்லாமல் ஸ்க்ரூவில் கை வைப்பதில்லை.

கூடவே, கழற்றுமுன் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். வயர் எதற்கு மேலே போகிறது, எதற்குக் கீழே போகிறது என்பதெல்லாம் அரை மணியில் மறந்துவிடும்.

எதையெல்லாம் எடுத்து வைக்கலாம்?

மோதி உடைந்த பம்பரையோ ஹெட்லைட்டையோ மாற்றும்போது பழையதைக் கேட்டு வாங்குங்கள். உடைந்தது வெளித்தோல்தான். பின்னால் போய்ப் பாருங்கள்: யு நட்டுகள், கிளிப்புகள், பக்கவாட்டுப் பிடிகள், பனி விளக்கின் மூடி. ஹெட்லைட்டில் பல்பு மூடும் ரப்பர் தொப்பி, பல்பைப் பிடிக்கும் கம்பி, உயரத்தைச் சரிசெய்யும் ஸ்க்ரூ, பல்பு ஹோல்டர். இவற்றில் பல தனியாகக் கிடைக்காது, முழு விளக்கோடுதான் விற்பார்கள். அதனால் ஒரு ரப்பர் தொப்பிக்காக முழு விளக்கு வாங்குகிற நிலைமை வரும்.

வயரின் கனெக்டர்களையும் எடுக்கலாம், ஆனால் கனெக்டரை ஒட்டி வெட்டாதீர்கள். ஒரு சாண் வயரோடு வெட்டுங்கள். பின்னால் யாராவது இணைக்க வேண்டுமென்றால் பிடிக்க வயர் வேண்டும். அதன் பூட்டு நாக்கு உடையாமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைப்பர் மாற்றினால் புதிய பெட்டியில் வரும் அடாப்டர்களில் ஒன்றுதான் உங்கள் வண்டியின் வைப்பர் கைக்குச் சேரும், மற்றவை வேறு வண்டிகளுக்கு. உங்களுடையதைப் போன்றதை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். (வைப்பர் கழற்றும்போது கண்ணாடிமேல் மடித்த துண்டு ஒன்றைப் போடுங்கள். பிளேடு இல்லாத வெறும் வைப்பர் கை சுருள்வில் வேகத்தில் விழுந்தால் கண்ணாடி விரிசல் விடும்.)

எதை எடுத்து வைக்கவே கூடாது?

ஒருமுறை நசுங்கியோ நீண்டோ வேலை செய்தவற்றைப் பெட்டியில் போடாதீர்கள். ஆயில் வடிக்கும் போல்ட்டின் நசுங்கும் வாஷர், நட்டு கழலாமல் செருகி, ஒருமுறை விரித்துவிட்ட காட்டர் பின், உள்ளே நைலான் வளையம் உள்ள பூட்டு நட்டு, பழைய ஓ-ரிங் ரப்பர் வளையங்கள், காதை நெருக்கிப் பூட்டும் ஓஸ் கிளாம்ப், இவையெல்லாம் கழன்றதும் குப்பைக்கு. இன்ஜின் தலையில் வரும் சில போல்ட்டுகள் முறுக்கும்போதே நீளும்படி செய்யப்பட்டவை. பார்க்கப் புதிதுபோல் இருந்தாலும் அவற்றின் வேலை முடிந்துவிட்டது.

பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் இவை மூன்றிலிருந்தும் வந்த எந்த போல்ட்டும் நட்டும் பொதுப் பெட்டிக்குள் வரக்கூடாது. 'நல்லாத்தானே இருக்கு' என்று ஒருநாள் எடுத்து மாட்டத் தோன்றும். சக்கர நட்டும் அப்படித்தான். சிலவற்றின் அடி கூம்பாக இருக்கும், சிலவற்றில் பந்துபோல் உருண்டிருக்கும். மரை ஒத்துப்போனாலும் அடி ஒத்துப்போகாவிட்டால் சக்கரம் சரியாக உட்காராது, ஓட ஓடத் தளரும்.

சேர்த்து வைத்திருக்கிறேன், ஆனால் வேண்டும்போது எது எதற்கு என்று தெரியவில்லையே?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: கிளிப்பை மட்டும் சேமித்தால் போதாது, அது இருந்த இடத்தையும் சேர்த்துச் சேமிக்க வேண்டும். ஊர் பேர் தெரியாத ஐம்பது கிளிப் ஒரு டப்பாவில் கிடந்தால், தேடுகிற நேரத்துக்குப் புதிதே வாங்கிவிடலாம்.

சின்ன ஜிப் கவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கவருக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு. அதில் வண்டி, ஆண்டு, இடம், எண்ணிக்கை. 'முன் பம்பர், அடி விளிம்பு, இடது, 3' என்று எழுதினால் போதும். கவரின் மேல் மார்க்கரால் எழுதினால் எண்ணெய்க் கை பட்டதும் அழியும், அதனால்தான் சீட்டு உள்ளே. இரும்பும் பிளாஸ்டிக்கும் தனித்தனி. ரப்பர் சாமான்களை வெயிலிலும், மோட்டார் ஓடும் இடத்துக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். மோட்டாரின் தீப்பொறியில் உண்டாகும் ஓசோன் வாயு ரப்பரில் வெடிப்பு விழ வைக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை பெட்டியைக் கொட்டிப் பாருங்கள். விரலால் வளைத்தால் வெளுத்துப்போகும் கிளிப் இனி உதவாது.

புதிய கிளிப் வாங்க எந்த அளவு சொல்ல வேண்டும்?

மூன்று அளவு. முதலில் ஓட்டையின் விட்டம். இதை வண்டியில்தான் அளக்க வேண்டும், பழைய கிளிப்பில் அல்ல, கிளிப்பின் கால் விரிந்திருக்கும். அடுத்து தலையின் விட்டம். கடைசியாகத் தலைக்குக் கீழே உள்ள நீளம். சேர்ந்து நிற்கும் இரண்டு பாகங்களின் கனத்துக்கு இது பொருந்த வேண்டும். வெர்னியர் அளவுகோல் இல்லாவிட்டால் துளையிடும் கருவியின் பிட்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டையில் விட்டுப் பாருங்கள், எது இறுக்கமாக நுழைகிறதோ அதுதான் அளவு. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் கிளிப்பில் பெரிய வித்தியாசம்.

வேறு கம்பெனி வண்டியின் கிளிப்பைப் போடலாமா?

மேலே சொன்ன மூன்று அளவும் ஒத்துப்போனால் தாராளமாக. உள்ளே போகத் தட்ட வேண்டியிருந்தால் அது உங்கள் கிளிப் இல்லை.

போல்ட்டைப் பார்த்து அளவு சொல்வது எப்படி?

10 மி.மீ. ஸ்பேனர் சேர்ந்தால் பெரும்பாலும் அது எம் 6, அதாவது தண்டின் விட்டம் 6 மி.மீ. எம் 8-க்குச் சில தயாரிப்புகளில் 12, சிலவற்றில் 13 சேரும். எம் 6-இன் மரை இடைவெளி சாதாரணமாக 1 மி.மீ., எம் 8-க்கு 1.25. எம் 10-இல்தான் ஏமாறுவோம், 1.25, 1.5 இரண்டும் வரும். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் இரண்டு மூன்று சுற்று நன்றாகப் போய்விட்டு இறுகும், நாமும் துரு என்று நினைத்துப் பலம் கொடுப்போம், மரை போய்விடும்.

தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ இருந்தால் அது வலிமை. 8.8-இல் முதல் எண், சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவை வரை அறாது என்கிறது. இரண்டாவது எண், அதில் 80 விழுக்காட்டைத் தாண்டினால் நீண்டு, பழைய நீளத்துக்குத் திரும்பாது என்கிறது. 10.9 இருந்த இடத்தில் 8.8 போடாதீர்கள்.

எந்த போல்ட்டை மாட்டினாலும் முதலில் விரலால் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். ஓர் இடத்தில் 'டிக்' என்று லேசாக இறங்கும், மரையின் வாய் சேர்ந்த இடம் அது. அங்கிருந்து முன்னோக்கித் திருப்பினால் குறுக்கே ஏறாது.

கிளிப் நன்றாக இருக்கிறது, அது உட்காரும் காது உடைந்துவிட்டது. ஒட்டலாமா?

பாகத்தின் பின்பக்கம் என்ன பிளாஸ்டிக் என்று அச்சிட்டிருக்கும். ஏ.பி.எஸ். என்று இருந்தால் நல்ல செய்தி, பசை பிடிக்கும். உடைந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, உடனடிப் பசை விட்டு, மேலே சமையல் சோடாவைத் தூவினால் நொடியில் கல்லாக இறுகும். சூடும் புகையும் வரும், முகத்தைத் தள்ளி வையுங்கள். பம்பர்கள் பெரும்பாலும் பி.பி., அதாவது பாலிப்ரொப்பிலீன். அதில் சாதாரணப் பசை நிற்காது, உரித்தால் தோல்போல் வந்துவிடும். அதற்குச் சூட்டுக்கோலால் உருக்கி, உள்ளே மெல்லிய இரும்பு வலையைப் புதைத்து, அதே வகைப் பிளாஸ்டிக் துண்டை மேலே உருக்கி ஊற்றுவதுதான் நிற்கும். உடைந்த பழைய பம்பரைக் கேட்டு வாங்கச் சொன்னது இதற்காகவும்தான், அதிலிருந்து இரண்டு பட்டை வெட்டி வையுங்கள்.

கிளிப் உள்ளே விழுந்துவிட்டது. விட்டுவிடலாமா?

கதவுக்குள் என்றால் ஸ்பீக்கரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கையை விட்டுப் பாருங்கள். இரும்பானால் காந்தக் கோல். கண்ணாடி இறங்கும் வழியில் கிடந்தால் கண்ணாடி அதில் சிக்கிக்கொள்ளும், அதனால் தேடியே ஆக வேண்டும். இன்ஜின் பகுதியில் விழுந்தால், குறிப்பாகக் காற்று உறிஞ்சும் குழாய் திறந்திருந்தபோது விழுந்தால், அது கிடைக்கும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். இனிமேல் அந்தக் குழாயைத் திறந்ததும் முதல் வேலையாகச் சுத்தமான துணியால் வாயை அடையுங்கள், மூடுமுன் துணியை எடுக்க மறக்காதீர்கள்.

ஃபியூஸ், பல்பு எவை வைத்திருக்க வேண்டும்?

தகடு வகை ஃபியூஸ்களுக்கு நிறம்தான் மொழி. பழுப்பு 7.5 ஆம்பியர், சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமற்றது 25, பச்சை 30. ஒவ்வொன்றிலும் இரண்டு இருக்கட்டும். சிவப்புப் போன இடத்தில் நீலத்தைப் போட்டால் ஃபியூஸ் பிழைக்கும், வயர் எரியும். பிரேக் விளக்கு பல்பில் ஒரு நுணுக்கம்: இரண்டு இழை உள்ள பல்பின் பக்கவாட்டு முளைகள் ஏற்ற இறக்கமாக இருக்கும், ஓர் இழை பல்பில் சமமாக இருக்கும். வலிந்து திருகாதீர்கள். ஹாலஜன் ஹெட்லைட் பல்பின் கண்ணாடியை விரலால் தொட வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்குப் பட்ட இடம் அதிகமாகச் சூடாகிச் சீக்கிரம் போய்விடும்.

கேபிள் டை போட்டுக் கட்டினால் போதாதா?

வீடு வந்து சேரப் போதும். சைலன்சர் குழாய்ப் பக்கம் அதுவும் கூடாது.

ஏர்பேக் இருக்கும் இடங்களில் நானே கை வைக்கலாமா?

வேண்டாம். மஞ்சள் நிற கனெக்டரையோ மஞ்சள் உறையிட்ட வயரையோ பார்த்தால் நிறுத்திவிடுங்கள். முன் கண்ணாடியின் இரு பக்கமும் உள்ள தூண் உறையும் இதில் சேரும். திரைபோல் விரியும் ஏர்பேக் இருக்கும் வண்டிகளில், அந்த உறை பிய்த்துக்கொண்டு முகத்தில் அடிக்காமல் இருக்க அதன் கிளிப்பில் ஒரு பிடிவார் இருக்கும். கழற்றினால் புதிய கிளிப்தான் போட வேண்டும் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். சேமித்து வைத்த கிளிப்புகளை நான் எவ்வளவு மதித்தாலும், இந்த இடத்தில் பழையது வேண்டவே வேண்டாம்.

வண்டியை விற்றுவிட்டால் இந்தப் பெட்டியை என்ன செய்வது?

வாங்குபவரிடம் சாவியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் சீட்டுகளையும் ஒருமுறை திறந்து காட்டுங்கள். நான் இப்போது ஓட்டும் வண்டி அப்படி ஒரு பிஸ்கட் டப்பாவோடுதான் என்னிடம் வந்தது. பின் கதவின் உள்பக்கத்துக்கு நான்கு கிளிப், ஒரு பல்பு ஹோல்டர், சீட்டில் பென்சில் எழுத்து. மூன்றாவது ஆண்டில் அந்த ஹோல்டர் தேவைப்பட்டது.